மூன்றாம் படி வெளிச்சம்

எங்கள் வாசகசாலையின் கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் ஆண்கள். ஏழு பேரும் காலையில் வாசகசாலை வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர்கள். கிழக்குப் பார்த்த வராந்தா அது. வெயில் நேராகப் பக்கத்தின் மேல் வந்து விழும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

நான் கமிட்டியில் இல்லை. நான் புத்தகம் சுமப்பவள். வாசகசாலைக்கு வரமுடியாத பெண்களுக்கு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. புதனும் சனியும் போவேன். பதினோரு வருஷமாகப் போகிறேன். நாற்பத்தியொரு வீடு. எந்த வீட்டில் நாய் அவிழ்ந்து கிடக்கும், எந்த வீட்டில் மாமியார் பார்க்காமல் அடுப்படி ஜன்னல் வழியாகக் கொடுக்கவேண்டும், எந்தப் புத்தகம் மீன்குழம்பு வாசனையோடு திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யார் என்ன படிக்கிறாள், எப்போது படிக்கிறாள், எங்கே ஒளித்துவைக்கிறாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வாரம் என் பைக்கு ஒரு கதவும் திறக்காது.

எங்கள் மலையாளக் கணக்கில் போன மிதுன மாதம் துபாயில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்களின் சங்கம் வாசகசாலைக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. புத்தகங்களைத் திரையில் படிக்கிற கருவி வாங்கிக்கொள்ளுங்கள், விலை நாங்கள் தருகிறோம் என்றார்கள். கடைக்காரர் மாதிரிக்கு ஒன்று கொடுத்தனுப்பினார். சாம்பல் நிறத்தில் பள்ளிக்கூட ஸ்லேட்டு அளவில் இருந்தது. அன்றிலிருந்து அது எல்லோர் வாயிலும் ஸ்லேட்டு ஆனது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அறுநூறு பக்கப் புத்தகமும் ஒரு கையில் அடங்கிவிடும். செல்போன் மாதிரிக் கண் கூசாது, காகிதம் மாதிரியே இருக்கும். காகிதம் மாதிரியே இருட்டில் ஒன்றும் தெரியாது.

கடைக்காரரிடம் இரண்டு வகை இருந்தது. சங்கம் தரும் பணத்துக்கு விளக்கில்லாதது என்றால் ஐந்து வரும். உள்ளேயே விளக்கு வைத்தது என்றால் மூன்றுதான் வரும்.

கமிட்டி பத்து நிமிஷத்தில் முடிவெடுத்துவிட்டது. ஐந்து. தலைவர் அம்பு மாஷ் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஐந்து எப்போதும் மூன்றைவிடப் பெரிது. நான் கதவருகே நின்றபடி, "விளக்கு இருக்கறதுதான் நல்லது மாஷே" என்றேன்.

"எதுக்கு?" என்றார் அவர். "உள்ள விளக்கு எரிஞ்சா கண்ணுக்குக் கெடுதி. இந்தப் பஞ்சாயத்துல பல்பு இல்லாத வீடு ஒண்ணு காட்டு பார்ப்போம்."

"பல்பு எல்லா வீட்டுலயும் இருக்கு. அதைப் போட விடணுமே."

"யாரு போட விடமாட்டேங்கறா?"

சொல்ல ஆரம்பித்தால் இருபது வீடு சொல்லலாம். குழந்தை தூங்குகிற வீடு, அதிகாலை ரப்பர் வெட்டப் போகிறவன் சீக்கிரம் படுக்கிற வீடு, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு. ஆனால் ஒரு வீட்டை நினைத்துக்கொண்டுதான் நான் பேசினேன். அந்த வீட்டின் பெயர் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். செயலாளர் தினேசன், "நளினேச்சிக்கு எல்லாத்துக்கும் ஒரு தடை" என்று சிரித்தான். என் பெயர் நளினாட்சி, இளையவர்களுக்கு நளினேச்சி. ஐந்து என்று எழுதிக்கொண்டான்.

எனக்கு ஒரு மாதம் இருந்தது. எங்கள் வாசகசாலையில் எந்த முடிவும் அன்றே முடிவாகிவிடாது. அடுத்த கூட்டத்தில் செயலாளர் கூட்டக் குறிப்பை, அதாவது மினிட்ஸை, உரக்க வாசிக்கவேண்டும், எல்லோரும் சரியென்று ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்குப் பிறகுதான் கடைக்குக் கடிதம் போகும். மினிட்ஸ் வாசிக்காமல் ஒரு நாற்காலிகூட வாங்க முடியாது. அம்பு மாஷ் தலைவரான நாளிலிருந்து இதில் விட்டுக்கொடுத்ததே இல்லை.

நான் நினைத்த வீடு புஷ்பஜாவின் வீடு. செம்பூராங்கல் குவாரிக்குப் போகும் பாதையில் கடைசி வீடு. அவள் புருஷன் ரோஹிதாட்சன் அந்தக் குவாரியில் கல் வெட்டிக்கொண்டிருந்தவன். லாரியில் கல் ஏற்றும்போது சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. உயிர் பிழைத்தான். ஆனால் வெளிச்சம் ஆகாமல் போனது. பகல் வெயில் பட்டாலே தலையைப் பிடித்துக்கொண்டு அலறுவான். மெல்ல மெல்லச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த மெல்ல இன்னும் வரவில்லை. அறையின் ஜன்னல்களில் கம்பளி வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த அறைக்குள் நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியது மாதிரி இருக்கும்.

அந்த இருட்டில் புஷ்பஜா உட்கார்ந்திருக்கிறாள். அவள் கை அவன் கைக்குள் இருக்கவேண்டும். எழுந்து போனால் கொஞ்ச நேரத்தில் கூப்பிட ஆரம்பித்துவிடுவான், பிறகு அழுவான். சமையலை அவன் அக்கா வந்து பார்த்துக்கொள்கிறாள். ஆக, புஷ்பஜாவின் பகல் முழுக்க, இரவும் பெரும்பாலும், அந்த நாற்காலிதான்.

நாற்பத்தியொரு வீட்டில் அவள் மாதிரி படிக்கிறவள் யாரும் இல்லை. வாரம் நாலு புத்தகம். அடிபடுவதற்கு முந்திய வாரம் ஒரு தடித்த நாவல் எடுத்திருந்தாள், புழை என்று நாங்கள் சொல்கிற ஆற்றில் தோணி ஓட்டுகிற ஒருவனின் கதை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறாள். அந்தப் புத்தகத்தை அவளும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் அவள் பெயரில் நானே புதுப்பித்துவிடுவேன்.

கட்டிலுக்குத் தள்ளியிருந்த ஒரு ஜன்னலில் மட்டும் கம்பளியின் ஓரத்துக்கு ஆணி இல்லை. அவள் அதை விலக்கி ஜன்னலை உள்ளங்கை அகலம் திறப்பாள், நான் வெளியே குடையோடு நின்று பேசுவேன். அதுதான் எங்கள் பழக்கம். ஒருநாள் சொன்னாள்:

"உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்குதுன்னு எல்லாரும் பரிதாபப்படறாங்க நளினேச்சி. முதுகு கிடக்கு. மண்டைக்குள்ள புதுசா ஒண்ணுமே வராம இருக்கறதுதான் தாங்கல. என் யோசனையை நானே எத்தனை தடவ கேக்கறது?"

வழி பண்ணாமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். செல்போனில் படித்துப் பார்க்கச் சொன்னேன். அந்த வெளிச்சம் அவன் முகத்தில் அடித்து அவன் அரை நாள் வாந்தி எடுத்தான். புத்தகத்தில் கிளிப் போட்டு மாட்டுகிற குட்டி விளக்கு வாங்கிக் கொடுத்தேன். அது பக்கத்தை மட்டுமா காட்டியது? சுவர், கூரை, மருந்துப் புட்டி எல்லாவற்றையும் காட்டியது. தவிர, ஒரு கையால் அந்தத் தடிப் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் திருப்புவது எப்படி? இரண்டு முறை அவன் நெஞ்சின் மேலேயே விழுந்ததாம்.

அதனால்தான் ஸ்லேட்டு வருகிறது என்று கேட்டதும் என் மனசு துள்ளியது. கமிட்டி ஐந்து என்று எழுதியதும் அதே மனசு எரிந்தது.

விளக்குள்ள ஸ்லேட்டு எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று இருந்தது, சுஹரா டீச்சரிடம். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். என் பட்டியலில் பதினேழாவது வீடு. மகன் அனுப்பியது. பஸ்ஸில் போகும்போது படிப்பாள். ஒரு சனிக்கிழமைக்குக் கடன் கேட்டேன்.

"நனைஞ்சா என் மகன்கிட்ட நீயே பேசிக்கணும்" என்றாள்.

ரொட்டி வந்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அதை ஒரு துண்டில் சுற்றி, பைக்குள் அடியில் வைத்துக்கொண்டு போனேன். புஷ்பஜா அன்று முதல்முறையாக என்னை அந்த அறைக்குள் விட்டாள். ரோஹிதாட்சன் கண்ணை மூடிப் படுத்திருந்தான். எனக்குத் தெரிந்த ரோஹிதாட்சன் செம்மண் ஒட்டிய தோளோடு வாசலை அடைத்துக்கொண்டு நிற்பவன். இது வேறு ஆள்.

அவசரத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். சுஹரா பஸ்ஸில் வெயிலில் படிக்கிறவள் என்று யோசிக்காமல் அப்படியே திறந்துவிட்டேன். விளக்கு முழு வேகத்தில் எரிந்தது. அவன் முனகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். புஷ்பஜாவின் கையை அவன் எப்படி நெரித்தான் என்பது அவள் மூச்சு இழுத்ததிலேயே தெரிந்தது.

"எடுத்துட்டுப் போ" என்றாள் தாழ்ந்த குரலில். "போதும் நளினேச்சி. எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போகிற ஆளா நான்? ஸ்லேட்டை முந்தானைக்குள் போட்டுக்கொண்டு மூலையில் திரும்பி நின்றேன். வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற கோட்டைத் தேடிப் பிடித்தேன். இருபத்திநாலு படி இருந்தது. ஒவ்வொன்றாக இறக்கினேன். பத்தில் இன்னும் என் கை தெரிந்தது. ஐந்தில் விரல் நுனி தெரிந்தது. மூன்றுக்கு வந்ததும் திரை மட்டும், குத்துவிளக்கின் கடைசித் திரி மாதிரி, மங்கலாக மஞ்சளாக நின்றது. எழுத்தைப் பெரிதாக்கினேன். என் நாற்பத்தொன்பது வயசுக் கண்ணுக்கே வாசிக்க வந்தது. ஒன்றுக்கு இறக்கினால் வாசிக்க வரவில்லை. மறுபடி மூன்றுக்கு ஏற்றி அவள் மடியில் வைத்தேன்.

இரண்டு பேரும் அவனைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தோம். அவன் அசையவில்லை. நெரித்த கை தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கமே திரும்பிப் படுத்தான்.

புஷ்பஜா கட்டைவிரலால் திரையின் ஓரத்தைத் தொட்டாள். பக்கம் திரும்பியது. மறுபடி தொட்டாள். நான் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மற்ற வீடுகள் காத்திருக்கட்டும் என்று இருந்தேன். அரைமணி கழித்துத் தலை நிமிர்ந்தாள். ஸ்லேட்டில் இருந்தது சுஹரா வகுப்புக்கு நடத்தும் பொருளாதாரப் பாடப்புத்தகம்.

"விலைவாசி ஏன் ஏறுதுன்னு இப்பத்தான் புரிஞ்சுது" என்றாள். அவள் சிரித்து நான் பார்த்துப் பதினாலு மாதம் ஆகிறது.

கிளம்பும்போது விஷயத்தைச் சொன்னேன். கமிட்டி விளக்கில்லாததை வாங்கப்போகிறது, நான் பேசப்போகிறேன் என்றேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"என் பேரைச் சொல்லக் கூடாது."

"சொன்னா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும் புஷ்பஜே. மாஷ் கல் நெஞ்சுக்காரர் இல்ல."

"அதனாலதான் சொல்லாதேங்கறேன். ஐயோ பாவம்னு ஒண்ணு எடுத்து நீட்டுவாங்க. இந்த வீட்டுக்கு ஐயோ பாவம் நிறைய வந்தாச்சு. பிஸ்கட் பாக்கெட்டோட வரும், அவரைப் பார்த்துட்டு வாசல்ல நின்னு அழும், போயிடும். புத்தகம் எனக்கு வாசகசாலை மெம்பர்னு வரணும். பாவம்னு வந்தா நான் தொட மாட்டேன்."

"சரி."

"பேரு வெளிய வந்துச்சுன்னா உன் பையைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வராதே."

சொல்வதைச் செய்கிறவள் அவள். என் கையை அவளே கட்டிவிட்டாள். ஆனால் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

கர்க்கடக மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. அடைமழை. மழைக்காலத்தில் கூட்டம் வராந்தாவில் நடக்காது, பழைய பேப்பர் கட்டுகள் அடுக்கிய உள்ளறையில் நடக்கும். அதற்கு ஒரே ஜன்னல். அம்பு மாஷ், தினேசன், மற்ற நாலு பேர் வந்துவிட்டார்கள். கடைசியாகக் கோவிந்தேட்டன் வந்தார். கண் ஆபரேஷன் செய்து பத்து நாள்தான் ஆகிறது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் எல்லோருக்கும் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தேன். பிறகு ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். சுவரோரம் போய் ஃப்யூஸைப் பிடுங்கினேன்.

"கரண்ட் போச்சு" என்றது ஒரு குரல்.

"போகல. நான்தான் பிடுங்கினேன். ஃப்யூஸ் என் பையில இருக்கு. பத்து நிமிஷம் கழிச்சுத் தர்றேன்."

யாரோ இருட்டில் தடவிச் சாயா கிளாஸைத் தரையில் வைத்தார்கள்.

"நளினீ, இது என்ன கூத்து?" மாஷின் குரல் கறாராக இருந்தது.

"கூத்து ஒண்ணும் இல்ல மாஷே. பதினோரு வருஷம் புத்தகம் சுமந்திருக்கேன், பத்து நிமிஷ இருட்டு கேக்கறேன். கூட்டத்தை ஆரம்பிங்க. மினிட்ஸ் வாசிக்கணுமில்ல."

"வாசிக்கறதுக்கு வெளிச்சம் வேணாமா?" என்றான் தினேசன்.

"அதைத்தான் போன கூட்டத்துல நான் சொன்னேன். மினிட்ஸ்ல எழுதியிருக்கியா பாரு."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சாயாவில் புரையேறியது.

அம்பு மாஷ் சும்மா வந்திருக்கவில்லை. நான் விடமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். "இதுக்குத்தான் நான் ஒண்ணு கொண்டுவந்தேன்" என்று பையைத் துழாவினார். கிளிப் விளக்கு. "இதை மாட்டிக்கிட்டா விளக்கில்லாத ஸ்லேட்டே போதும். அஞ்சு ஸ்லேட்டுக்கு அஞ்சு கிளிப் நான் என் கைலேருந்து வாங்கித் தர்றேன்." மாதிரி ஸ்லேட்டின் தலையில் மாட்டி விளக்கைப் போட்டார்.

அறை முழுக்க வெள்ளையாகப் பளிச்சென்று ஆனது. கோவிந்தேட்டன் கையால் முகத்தை மூடிக்கொண்டார். "அதைத் திருப்பு மாஷே. கண்ணுல ஊசி ஏத்தற மாதிரி இருக்கு."

மாஷ் இந்தப் பக்கம் திருப்பினார். தினேசன் முகத்தைச் சுளித்தான். கீழே அழுத்தினார். விளக்கு திரையில் பட்டுத் தெறித்து அவர் கண்ணிலேயே அடித்தது. எழுத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் நின்றது.

"கோவிந்தேட்டா" என்றேன், "ஆபரேஷன் ஆன இந்தப் பத்து நாளா வீட்டுல ஏட்டத்தி எப்ப படிச்சாங்க?"

கோவிந்தேட்டன் முகத்தை மூடிய கையை எடுக்காமல் தன் மனைவியைப் பற்றி யோசித்தார். "படிக்கல. பக்கத்து அறையில ஒரு விளக்கு எரிஞ்சாலே நான் கத்தினேன். அப்புறம் அவ புத்தகமே எடுக்கல." பிறகு, "நான் அதை இப்பத்தான் நினைக்கறேன்" என்றார்.

"அதை அணைங்க மாஷே. நான் ஒண்ணு தர்றேன்."

தினேசனின் மினிட்ஸ் புத்தகத்தை நான் வியாழக்கிழமையே சரிபார்க்க என்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். சுஹரா அதை வரிவிடாமல் தட்டச்சு செய்து தன் ஸ்லேட்டில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். எழுத்தைப் பெரிதாக்கி, வெளிச்சத்தை மூன்றாம் படியில் வைத்துத் தினேசன் கையில் கொடுத்தேன். அவன் முகத்தில்கூட வெளிச்சம் விழவில்லை. இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வாசிக்க ஆரம்பித்தது. வாசித்தான் என்றா சொல்லவேண்டும்? வழக்கம்போல ஒரு வரியை விழுங்கி ஒரு வரியைத் துப்பினான். மாஷுக்குப் பொறுக்கவில்லை. "இங்க கொடு" என்று பிடுங்கித் தானே வாசித்தார். கணீர் என்று, ஒரு காற்புள்ளி விடாமல். நடுவில் நின்றார்.

"தேதி தப்பு. பதினேழுன்னு எழுதியிருக்க. கூட்டம் நடந்தது பதினாறு, ஞாயித்துக்கிழமை."

பிறகு கோவிந்தேட்டன் கேட்டார்: "மாஷே, நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

கண்ணாடியில்லாமல் ஒரு வரி வாசிக்காத மாஷின் கண்ணாடி ஜேபியில் இருந்தது. கூரை அதிர எல்லோரும் சிரித்தார்கள், மாஷைத் தவிர. அவர் ஸ்லேட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். ஓரத்தைத் தடவினார்.

"இது கண்ணைப் பார்த்து அடிக்கல" என்றார் கடைசியில். "ஓரத்துலேருந்து தாள் மேல விழுது."

"ஆமா மாஷே."

"சரி. கண்ணுக்குக் கெடுதின்னு நான் நினைச்சது தப்பு. ஆனா அஞ்சு அஞ்சுதான், மூணு மூணுதான். ரெண்டு பேரோட பங்கை நீ பிடுங்கற. அதுக்குப் பதில் சொல்லு."

நியாயமான கேள்வி. மூன்று வாரமாக நானும் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்த ரெண்டு பேருக்கு வெயில் இருக்கு மாஷே, வராந்தா இருக்கு, அலமாரி நிறையப் புத்தகம் இருக்கு. ஸ்லேட்டு இல்லேன்னாலும் அவங்க நாளைக்கும் படிப்பாங்க. விளக்கில்லாத அஞ்சை வாங்கினா, ஏற்கெனவே படிக்கற அஞ்சு பேருக்கு ஒரு புதுப் பொருள் கிடைக்கும். விளக்கு இருக்கற மூணை வாங்கினா, இன்னைக்குப் படிக்கவே முடியாத மூணு பேரு படிப்பாங்க. நம்ம வாசகசாலை எதுக்கு இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

"யாரு அந்த மூணு பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"கமிட்டிகிட்டயுமா?"

"கமிட்டிகிட்டத்தான் முக்கியமா."

இருட்டில் அவர் மூச்சு விடுவது கேட்டது. ஒரு பெயர். அதைச் சொன்னால் போதும், ஏழு கையும் தூக்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இருட்டுல கை தூக்கினா எப்படி எண்ணறது? ஃப்யூஸைப் போடு" என்றார் மாஷ்.

போட்டேன். விளக்கு எரிந்ததும் எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள். விளக்குள்ளதற்கு மூன்று கை எழுந்தது. கோவிந்தேட்டன் கறுப்புக் கண்ணாடியை மேலே தள்ளி, தண்ணீர் வடிகிற கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு நாலாவது கையைத் தூக்கினார்.

அம்பு மாஷ் தன் கையைத் தூக்கவில்லை. "என் எதிர்ப்பை எழுது" என்றார் தினேசனிடம். பிறகு சொன்னார்: "போன கூட்டத்துல நளினாட்சி சொன்ன எதிர்ப்பு விட்டுப்போச்சு. அதையும் திருத்தத்துல எழுது. தேதியை ஒழுங்காப் போடு."

மூன்று ஸ்லேட்டும் சிங்க மாதத்துக்கு முன்னால் வந்துவிட்டன. யாருக்கு முதலில் என்பதைப் புத்தகம் சுமப்பவளே தீர்மானிக்கட்டும், காரணம் எழுதவேண்டியதில்லை என்று மினிட்ஸில் இருக்கிறது. அதை முன்மொழிந்தது யார் தெரியுமா? எதிர்த்து நின்ற அதே மாஷ். இரண்டு ஸ்லேட்டு போன இடத்தை நான் இங்கேயும் சொல்லப்போவதில்லை. மூன்றாவதைச் சொல்லலாம் என்று புஷ்பஜாவே பிறகு சொன்னதால் சொல்கிறேன். அதில் அந்தத் தோணிக்காரன் கதையை ஏற்றச் சொல்லி, தாலுக்காவில் பழைய நூல்களை ஏற்றித் தருகிற பையனை மூன்று முறை நச்சரித்தேன்.

புதன்கிழமை. மழை. ஜன்னல் உள்ளங்கை அகலம் திறந்தது. ரசீதுச் சீட்டை முதலில் நீட்டினேன். மெம்பர் எண், பெயர், புத்தகத்தின் பெயர், திருப்பவேண்டிய தேதி. மற்ற நாற்பது வீட்டுக்கும் கொடுப்பது மாதிரி. புஷ்பஜா அதை வெளிச்சக் கீற்றில் பிடித்து, புத்தகத்தின் பெயரோடு, வாய்விட்டு முழுக்கப் படித்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"பேரு வரலயே?"

"வரல."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டினாள். தடித்த நாவலை ஜன்னல் வழியாகத் திருப்பித் தந்தாள், பஸ் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். இருட்டுக்குள் போய் நாற்காலியில் உட்காருவது கேட்டது. பக்கத்தைத் தேட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் போயிருக்கவேண்டும். போகவில்லை. குடை நுனியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ரோஹிதாட்சன் ஜன்மத்தில் ஒரு புத்தகம் படித்தவனில்லை. ஆனால் குவாரியிலிருந்து வந்து சாப்பிட உட்காரும்போது அன்றைக்கு அவள் படித்த கதையை அவள் சொல்லவேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். தோணிக்காரன் கதை அப்படித்தான் பாதியில் நின்றிருந்தது. அடிபட்ட பிறகு அவன் வாயிலிருந்து வந்ததெல்லாம் தண்ணி, வலிக்குது, புஷ்பா, இந்த மூன்றுதான். டாக்டரே அதற்குமேல் பேச்சை எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"அவன் அக்கரை சேர்ந்தானா?" என்றது ஒரு கரகரத்த ஆண் குரல்.

புஷ்பஜா அழுகிறாள் என்று நினைக்கிறேன். சத்தம் இல்லை. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டுப் பேசுகிறவள் மாதிரிச் சொன்னாள்: "இரு, இன்னும் நடுப் புழையிலதான் இருக்கான். சொல்றேன்."

நான் நின்ற இடத்திலிருந்து ஒரு வெளிச்சக் கீற்று அந்த அறைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். ஜன்னல் கதவைச் சத்தமில்லாமல் தள்ளிச் சாத்தினேன். இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது.